எண்ணெய் விற்று ஒரு நாட்டையே படுக்கவைப்பது எப்படி?

புதிதாகத் தொழிலில் இறங்குவோருக்கான எளிய கையேடு

குறைந்த முதலீட்டில் நிறைந்த லாபம் தரும் தொழில் எது என்று கேட்டு வருபவர்களுக்கு இதுவரை கோழிப்பண்ணை, காளான் வளர்ப்பு, ஊதுபத்தி என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவற்றில் எல்லாம் உழைக்க வேண்டும் என்பது பெரிய தொல்லை. சாப்பிடக் கூடாத எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று விற்பதில் அந்தத் தொல்லை கிடையாது. வாங்க ஒரு இடம், ஊற்ற ஒரு கேன், நிறுத்த ஒரு வேன். வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது. பிற்பாடு கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லும்போது குரலில் உண்மை ஒலிக்கும்.

இந்தக் கையேட்டின் முதன்மைப் பாடம் 1981-ல் ஸ்பெயினில் நடந்தது. 20,000 பேர் அளவுக்கு நோயில் விழுந்தார்கள். சீக்கிரத்திலேயே 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துணைப்பாடங்கள் மொராக்கோ, ஜப்பான், தைவான், இலங்கையின் மலையகம், டெல்லி ஆகிய இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. தனி ஒரு வியாபாரியால் இவ்வளவு சாதிக்க முடியாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சட்டம் எழுதுபவர், சுங்கச்சாவடியில் நிற்பவர், ஆய்வாளர், அமைச்சர், நிபுணர் என்று ஒவ்வொருவரும் தத்தம் வடத்தைப் பிடித்தால்தான் தேர் நகரும். நல்லவேளையாக, யாரையும் நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. அவர்களாகவே வருவார்கள்.

பாடம் 1: சாப்பிடக் கூடாத சரக்காகப் பார்த்து வாங்குங்கள்

சாப்பிடுவதற்கென்று வரும் எண்ணெயில் லாபம் நூலிழைதான். சாப்பிடக் கூடாது என்று முத்திரை குத்தி வரும் எண்ணெயில்தான் காசு இருக்கிறது. அதைத் தேடி அலையவும் வேண்டாம். சில சமயம் அரசாங்கமே ஏற்பாடு செய்து கொடுக்கும்.

ஸ்பெயின், ஆலிவ் எண்ணெய் நாடு. மலிவான கோல்சா எண்ணெய் வெளியிலிருந்து தாராளமாக வந்தால் உள்நாட்டு ஆலிவ் விலை விழுந்துவிடும் என்று அரசு பயந்தது. கோல்சா நம் கடுகுக்குப் பங்காளி முறை. அதனால் அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும் வரலாம், அதுவும் யாரும் வாயில் வைக்காதபடி கெடுக்கப்பட்டுத்தான் வர வேண்டும் என்று விதி செய்தார்கள். பிரான்சிலிருந்து வந்த சரக்கில் 2 சதவீதம் அனிலின் கலந்திருந்தது. அனிலின் சாயத் தொழிலில் புழங்கும் நச்சுப்பொருள்.

விதியின் அழகைக் கவனியுங்கள். ஆலிவ் விலையைக் காப்பாற்ற எண்ணெயில் நஞ்சைக் கலந்தாயிற்று. அந்த எண்ணெய் எந்த வாசல் வழியாக எங்கே போகிறது என்று பார்க்க ஆள் போடவில்லை. ஆலைகளுக்கு என்று காகிதத்தில் எழுதி உள்ளே வந்த சரக்கு, சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்து சமையல் எண்ணெயாக வெளியே வந்தது. அனிலினை எடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தார்கள். அது எண்ணெயின் கொழுப்போடு சேர்ந்து வேறு பொருள்களாக மாறியிருந்ததைப் பிறகுதான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். நிறமும் மணமும் போனால் நஞ்சும் போனது என்று நம்பிவிட வேண்டும். நம்பிக்கைதான் தொழிலுக்கு மூலதனம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் 1959-ல் மொராக்கோ வியாபாரிகள் செய்ததைப் பாருங்கள். கசபிளாங்கா அருகே இருந்த அமெரிக்க விமானத்தளத்தில் ஜெட் எஞ்சினுக்கு ஊற்றும் மசகு எண்ணெய் மிகுந்துபோய், உபரிச் சரக்காக விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிச் சமையல் எண்ணெயில் கலந்தார்கள். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே, எஞ்சினும் ஓட வேண்டும், குடும்பமும் ஓட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதில் இருந்த டிரை-கிரெசில் பாஸ்பேட் என்ற பொருள் நரம்புகளைத் தாக்கியது. மெக்னெஸ் நகரிலும் சுற்றிலும் ஏறக்குறைய 10,000 பேருக்குக் கைகால் விழுந்தது.

பாடம் 2: பீப்பாயைக் கழுவாதீர்கள்

கலப்படம் செய்ய மனசாட்சி இடம் கொடுக்காதவர்களுக்கும் இந்தத் தொழிலில் இடமுண்டு. அவர்கள் கலக்கவே வேண்டாம். பழைய பீப்பாய் ஒன்று வாங்கினால் போதும்.

1977-78-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இளம் தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருவராக நடக்க முடியாமல் ஆனார்கள். கெண்டைக்காலில் வலி, பிறகு பாதம் தொங்கிப்போதல், பிறகு கையிலும் தளர்ச்சி. 20-க்கும் மேற்பட்டவர்கள். அநேகமாக எல்லோரும் அண்மையில் பெரியவளானவர்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுத்து உடம்பைத் தேற்றுவது அங்கே உள்ள அம்மாக்களின் வழக்கம். நம் பக்கத்திலும் உண்டு. சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரு மருத்துவர்கள் நோயின் வேரைத் தேடி அந்த எண்ணெய்க்கே போய்ச் சேர்ந்தார்கள். எண்ணெயில் இருந்தது மொராக்கோவில் கண்ட அதே பொருள். கனிம எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயை ஊற்றி அனுப்பியபோது ஒட்டியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

வீட்டில் யாரும் தப்பு செய்யவில்லை. அம்மா மகளுக்கு வீட்டில் இருந்ததிலேயே சத்தானதைத் தேடிக் கொடுத்தாள். அளவு கூடக்கூட அன்பு கூடுகிறது என்று நினைத்தாள். நஞ்சும் கூடியது. பீப்பாய் முன்பு யார் வீட்டில் இருந்தது என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வாடகை ஏறும்.

பாடம் 3: பெயர் வைக்காதீர்கள்

பெயர் என்பது முகவரி. முகவரி இருந்தால் போலீஸ் வரும். ஸ்பெயினில் அந்த எண்ணெய் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் வந்தது. லேபிள் கிடையாது, ஆலை பெயர், தேதி, எதுவும் கிடையாது. வாரச்சந்தையிலும் வீட்டு வாசலிலும் வேனில் கொண்டுவந்து விற்றார்கள். விற்கும்போது வாயால் மட்டும் "ஆலிவ் எண்ணெய்" என்று சொன்னால் போதும். வாய்ச்சொல்லுக்கு ரசீது கிடையாது.

லேபிள் இல்லாததில் ஒரு மறைமுக லாபமும் இருக்கிறது. நேரடியாகத் தோட்டத்திலிருந்து வருகிறது, இடைத்தரகர் இல்லை, கம்பெனிக்காரன் விளம்பரச் செலவு இல்லை, அதனால்தான் விலை குறைவு என்று வாங்குபவரே காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். கேப்பையில் நெய் வடிகிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். கேட்பவர் தானே சொல்லிக்கொள்வார்.

பாடம் 4: வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுங்கள்

எண்ணெய் எல்லோருக்கும் தேவை. ஆனால் லிட்டருக்கு நாலு காசு மிச்சம் என்பதற்காக அடுத்த தெரு வரை நடந்துவருபவர்தான் உங்கள் வாடிக்கையாளர். மாட்ரிட் நகரைச் சுற்றி, கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள் அடுக்குமாடிகளில் நெருக்கமாக வாழ்ந்த புறநகர்களில் எண்ணெய் நன்றாகப் போனது. டொரெஹோன், லெகானேஸ், ஹெதாஃபே. ஆலிவ் எண்ணெய் இல்லாமல் அவர்களுக்குச் சமையல் இறங்காது. ஆலிவ் விலையோ கைக்கு எட்டாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் வேனை நிறுத்தவேண்டியதுதான்.

மெக்னெசிலும் படுத்தவர்கள் ஏழை முஸ்லிம் குடும்பத்தார்தான். ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிகளில் நோய் எட்டிப்பார்க்கவில்லை. இந்த வகை வாடிக்கையாளரால் இன்னொரு சௌகரியம் உண்டு. அவர்களுக்கு நோய் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுச் சுத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பாடம் 5: நோய்க்குக் கிருமி ஒன்றைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பாடத்தை நீங்கள் செய்ய வேண்டாம். அரசாங்கம் செய்யும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய நேரத்தில் அது வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும். 1981 பிப்ரவரியில்தான் ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்திருந்தார்கள். மே 1 அன்று டொரெஹோனில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தக் குடும்பத்தில் மற்றவர்களும் படுத்தார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு. நாளுக்கு நாள் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் பெருகியது.

புதுவகை நிமோனியா என்று பெயர் வைத்தார்கள். கிருமியைத் தேடி ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். சுகாதாரத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ஹெசூஸ் சான்ச்சோ ரோஃப் தொலைக்காட்சியில் தோன்றி, இது ஃப்ளூவை விடச் சாதாரணம் என்றார். காரணம் ஒரு குட்டிப் பூச்சி, அதன் பெயரும் முதல் குலப்பெயரும் தெரிந்துவிட்டது, மேசையிலிருந்து கீழே விழுந்தாலே செத்துப்போகும் அளவுக்குச் சிறியது என்று விளக்கினார். தொழில்முனைவோர் இந்தப் பேச்சைச் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டும். அமைச்சர் பூச்சியைத் தேடிய ஒவ்வொரு நாளும் கேனிலிருந்து வாணலிக்கு எண்ணெய் போய்க்கொண்டிருந்தது.

மொராக்கோவிலும் முதலில் வந்த சந்தேகம் போலியோதான். கிருமிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதை யாரும் விற்கவில்லை, அதனால் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை.

பாடம் 6: "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும் டாக்டரிடம் ஜாக்கிரதை

உங்கள் தொழிலுக்கு உண்மையான எதிரி இவர்தான். பரிசோதனைக்கூடம், நுண்ணோக்கி, நிபுணர் குழு எதுவும் உங்களை அசைக்காது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு நோயாளியிடம் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, நேற்று என்ன சமையல் என்று கேட்கும் ஒரு டாக்டர் போதும், கடையை மூட.

மாட்ரிடில் முதலில் அப்படிக் கேட்டவர் டெல் ரேய் மருத்துவமனையின் அந்தோனியோ முரோ. இது காற்றில் வரவில்லை, வாய் வழியாக வருகிறது என்றார். அவரைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். பிற்காலத்தில் அவர் எண்ணெயை விட்டுவிட்டுத் தக்காளியில் அடித்த பூச்சிமருந்தைச் சந்தேகிக்கப் போனார்; அது தனிக் கதை. ஆனால் "வாயைப் பாருங்கள்" என்ற அந்த முதல் சொல் சரியானது.

அடுத்து வந்தவர் குழந்தைகள் மருத்துவர் ஹுவான் மானுவேல் தபுவேங்கா. நின்யோ ஹெசூஸ் மருத்துவமனையில் அவர் ஒரு புதிரைக் கவனித்தார். வீட்டில் அப்பா, அம்மா, பெரிய பிள்ளைகள் எல்லோரும் படுத்துக்கிடக்க, பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை தெம்பாக இருந்தது. காற்றில் வரும் கிருமி என்றால் அது தொட்டிலை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? வீட்டுச் சமையலில் எல்லோரும் தொட்டு, பிள்ளை மட்டும் தொடாதது எது? தாய்மார்களிடம் கேட்டுக்கொண்டே போனார். பதில் லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் கேனில் வந்து நின்றது. ஜூன் 10 இரவு தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். புது நோயாளிகளின் வரத்து சரிந்தது.

முதல் மரணத்துக்கும் அறிவிப்புக்கும் நடுவே 40 நாள். அந்த 40 நாளை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்லிக் கடிதம் எழுத வேண்டும்.

பாடம் 7: கோழிகளைப் பற்றிப் பேசாதீர்கள்

ஜப்பானில் மனிதர்களுக்கு முன்பே கோழிகள் புகார் கொடுத்தன. 1968 தொடக்கத்தில் நாட்டின் மேற்குப் பகுதியில் லட்சக்கணக்கான கோழிகள் செத்தன. தீவனத்தில் சேர்த்திருந்த எண்ணெய்க் கழிவு கனேமி என்ற ஆலையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதே ஆலை மனிதர்களுக்குத் தவிட்டு எண்ணெயும் செய்துகொண்டிருந்தது. உடம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த எண்ணெய். கால்நடைக்கு ஒரு துறை, மனிதருக்கு ஒரு துறை. கோழியின் கோப்பு கோழித் துறையிலேயே இருந்தது.

எண்ணெயின் வாடையைப் போக்கும் கலத்தில், சூடேற்றும் குழாய்க்குள் ஓடிய பிசிபி என்ற ரசாயனம் கசிந்து எண்ணெயில் இறங்கியிருந்தது. முகத்திலும் முதுகிலும் சீழ்க்கட்டிகள், கறுத்த நகம், கண்ணில் ஓயாத கசிவு, தீராத அசதி. அக்டோபரில்தான் விஷயம் பத்திரிகையில் வந்தது. 14,000 பேர் வரை தங்களுக்கும் நோய் என்று சொல்லி வந்தார்கள். அரசு நோயாளி என்று சான்று கொடுத்தவர்கள் அவர்களில் சிறு பகுதிதான். கர்ப்பிணிகள் சிலருக்குக் குழந்தைகளே கறுத்த தோலோடு பிறந்தன. யூஷோ நோய் என்று உலகமே படித்தது.

படித்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்குத் தெம்பு தரும் செய்தி. 11 ஆண்டு கழித்து, 1979-ல், தைவானில் அதே தவிட்டு எண்ணெய், அதே ரசாயனம். ஏறக்குறைய 2,000 பேர். பாதிக்கப்பட்டவர்களில் தைச்சுங் பகுதியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அடுத்த வீட்டில் நடந்த விபத்து நமக்குப் பாடமாகாது என்பதில் தொழில்முனைவோர் முழு நம்பிக்கை வைக்கலாம்.

பாடம் 8: தடயத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்

குட்டு வெளிப்பட்டபின் தடயத்தை அழிக்க ராத்திரியில் கிணற்றைத் தேடிப் போக வேண்டாம். ஸ்பெயின் அரசு ஒரு திட்டம் போட்டது: சந்தேக எண்ணெயைக் கொண்டுவந்து கொடுங்கள், பதிலுக்கு நல்ல ஆலிவ் எண்ணெய் தருகிறோம். மக்கள் பிழைக்க வேண்டுமே, நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தக் கேன் யார் வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டில் யாருக்கு நோய் என்று கவனமாக எழுதிவைக்கப்படவில்லை. ஓசியில் ஆலிவ் எண்ணெய் கிடைக்கிறது என்று வேறு எண்ணெயைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்க ஆளில்லை. எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

பின்னாளில் எந்தக் கேனில் எது இருந்தது என்று ஆராயப் போனவர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். நஞ்சு இதுதான் என்று ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி முடிக்க இன்றுவரை முடியவில்லை. ஆய்வுக்கூட விலங்குகளுக்கு எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதருக்கு வந்த அதே நோய் எந்த விலங்குக்கும் வரவில்லை. உங்கள் வக்கீலுக்கு இது போதும்.

பாடம் 9: நீதிமன்றத்தில் வயதாகக் காத்திருங்கள்

வழக்கு விசாரணை 1987 மார்ச்சில்தான் தொடங்கியது. தீர்ப்பு 1989 மே மாதம். குற்றம் சாட்டப்பட்ட நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவர்கள் கூண்டில். அவர்களில் பெரும்பாலோர் விடுதலை. கேட்டுக்கொண்டிருந்த நோயாளிகளும் இறந்தவர்களின் சொந்தங்களும் கொந்தளித்தார்கள். விலங்குக்கு நோய் வரவில்லையே, எண்ணெய்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வாதம் வந்தது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிலைநாட்டியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால் சாட்சி சொல்ல வந்தார். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கணக்கே எண்ணெயைத்தான் காட்டுகிறது என்றார். தபுவேங்கா தாய்மார்களிடம் கேட்ட அதே கேள்விதான், பெரிய அளவில்.

மொராக்கோவில் வேகமாகப் போனார்கள். குற்றம் நடந்தபிறகு மரண தண்டனைக்குச் சட்டம் போட்டு, ஐந்து பேருக்கு அந்தத் தண்டனையையும் விதித்தார்கள். நிறைவேற்றவில்லை. கோபத்தில் எழுதிய சட்டத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

ஒரே ஒரு கெட்ட செய்தி. 1997-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம், கண்காணிக்கத் தவறிய அரசும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தேரின் இன்னொரு வடத்தைப் பிடித்திருந்த கை கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல காலம், 16 ஆண்டு கழித்து.

பாடம் 10: நோயாளி செத்தாலும் நோய் சாகாது என்பதைச் சொல்லாதீர்கள்

ஸ்பெயினில் நுரையீரலோடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குச் சில வாரங்களில் இரண்டாவது அத்தியாயம் தொடங்கியது. தாங்க முடியாத தசைவலி, எடை உருகுதல், தோல் இறுகிப்போதல், மூட்டு மடங்காமல் நின்றுபோதல், நரம்புத் தளர்ச்சி. இளம்பெண்களை அதிகம் தாக்கியது. ஜாடி திறக்க, பிள்ளைக்குத் தலைவார, பேனா பிடிக்க முடியாத கைகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை யாரும் கேட்காமல் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். பெரும்பாலும் கேட்கவில்லை. 40 ஆண்டு கழித்து, 2021 அக்டோபரில், பாதிக்கப்பட்டவர்களில் சிலர் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்துக்குள் போய், வெலாஸ்கெஸ் வரைந்த மிகப் புகழ்பெற்ற ஓவியத்தின் முன்னால் போராட்டம் நடத்தினார்கள். எங்களைத் திரும்பிப் பாருங்கள் என்று கேட்க, எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

வாசகர் சந்தேகங்கள்

விற்குமுன் நானே ருசி பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம், பயனில்லை. மொராக்கோவிலும் மலையகத்திலும் கலந்திருந்த நஞ்சு நாக்கில் தெரியாது. இன்று சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் கால் துவளும். அதற்குள் கேன் காலியாகியிருக்கும்.

நன்றாகக் காய்ச்சினால் நஞ்சு போய்விடாதா?

ஜப்பானில் எண்ணெய்க்குள் கசிந்த ரசாயனத்தை ஆலையில் வைத்திருந்ததே, அது கடும் சூட்டைத் தாங்கும் என்பதால்தான். உங்கள் வாணலிக்கு அது பயப்படாது.

இதெல்லாம் பழங்கதை, வெளிநாட்டுக் கதை இல்லையா?

1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊர்ப் புறம்போக்கில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கிறதே, அதே செடி. விதை கருங்கடுகைப் போலவே இருக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் தளர்ந்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கல்கத்தாவில் 1877-லேயே பதிவான நோய் இது. அரிசிதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பி, 20-ஆம் நூற்றாண்டில்தான் பிரமதண்டிடம் வந்து சேர்ந்தார்கள். களை வயலிலேயே கலந்துவிட்டது, நான் என்ன செய்ய என்று நீங்களும் சொல்லலாம். நன்கு பழகிய சாக்கு. டெல்லிக்குப் பிறகு, அடைக்காமல் அளந்து ஊற்றி விற்கும் எண்ணெய்க்குத் தடை வந்தது. இன்று நாடு முழுவதற்குமான உணவுப் பாதுகாப்பு விதிகளும் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்கின்றன. தெருமுனைக் கடையில் டின்னிலிருந்து குழாய் திருகி ஊற்றிக் கொடுப்பவர் அதைப் படித்திருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள்.

என் வீட்டுச் சமையலுக்கு எந்த எண்ணெய் நல்லது?

வேறு கடையில் வாங்குங்கள்.

தொழிலுக்கு வரக்கூடிய இடையூறுகள்

நேர்மையான கையேடு எதுவும் அபாயங்களையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும். இந்தத் தொழில் படுத்துவிடும் இடங்கள் சில உண்டு. பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு லாரிக்காரர் கேட்பது. சாப்பிடக் கூடாத எண்ணெய் எந்த ஆலைக்குப் போனது என்று ஒரு சுங்க அதிகாரி பின்தொடர்வது. கோழித் துறைக்காரர் மனிதத் துறைக்காரருக்கு ஒரு போன் போடுவது. காரணம் இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை சந்தையில் வாங்கியதைச் சாப்பிடாதீர்கள் என்று ஓர் அமைச்சர் சொல்வது. எந்தத் தேரும் வடத்தை விட்டுவிட்டால் நின்றுவிடும்.

வாசகரே, கடைசி வடம் உங்கள் கையில். ஆலையின் பெயர், உரிம எண், தேதி இல்லாத எண்ணெயை வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். ஒரே வீட்டில் பலர் ஒன்றாகப் படுத்து, பால் குடிக்கும் குழந்தை மட்டும் தப்பியிருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் என்ன சாப்பிட்டோம், எங்கே வாங்கினோம் என்று நீங்களே சொல்லுங்கள். மீதமுள்ள எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மூடி, தேதி எழுதி, உணவுப் பாதுகாப்பு அதிகாரி வரும்வரை பத்திரமாக வையுங்கள். அடுத்த வீட்டைக் காப்பாற்றப்போவது அந்தக் கேன்தான்.